அப்பன் கார்டில் பிள்ளைக்கு மருந்து

தென்னூரில் மாடி வீடு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் பட்டறை, மருங்காபுரியில் தண்ணீரே வராது என்று ஊர் சிரித்த காட்டில் கிணறு, நான்கு தங்கைகளுக்குக் கல்யாணம். அத்தனையும் மூன்றாம் வகுப்போடு நின்ற நான் செய்தது. ஒருத்தனும் கை கொடுக்கவில்லை. அதையெல்லாம் ஊர் சொல்லும். மில்லில் ஃபிட்டராக இருந்தபோது செய்ததைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் மில் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் கார்டு வந்தது. காட்டினால் டிஸ்பென்சரியில் மருந்து இலவசம். ஆனால் தொழிலாளிக்கு மட்டும்தான், பிள்ளைகளுக்குக் கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்றால், மறுநாள் மேஸ்திரி மில் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அதற்கு வழி கண்டுபிடித்தவன் நான். பிள்ளையின் நோயைத் தன் நோய் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். கொடுக்கிற மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். என் மகனுக்குக் காய்ச்சல் அப்படித்தான் தீர்ந்தது. பிறகு மில்லே என்னிடம் யோசனை கேட்டது.

என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன், ஸ்ரீரங்கத்துக்காரன். நாலு வயது மகளுக்குத் தொண்டை வலி, கஞ்சி இறங்கவில்லை. அவனை நானே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன்.

"முழுங்க முடியல சார். ராத்திரி பூரா ஜுரம்."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டை சுத்தமா இருக்கே. ஜுரமும் இல்ல. காலைல என்ன சாப்ட்டீங்க?"

"நாலு இட்லி சார்."

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "வீட்ல குழந்தை எதுக்காவது இப்படி இருக்கா? இருந்தா மறைக்காதீங்க. கார்டு கிடக்கட்டும், தூக்கிட்டு வாங்க, பாக்கறேன்."

அவன் என்னைப் பார்த்தான். ஒத்துக்கொண்டால் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தவன் நான். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"எனக்குத்தான் சார்" என்றான்.

கொப்பளிக்க மருந்தும் ஆறு மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் விடியலில் குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது. தொண்டை அடைப்பான், டிப்தீரியா என்று பிறகு சொன்னார்கள். நான் போய் நின்றபோது அவன் மனைவி கேட்டாள், "நீங்க சொன்னபடி பாதி பாதியாத்தானே அண்ணே குடுத்தேன்? அளவு தப்பிடுச்சா?"

அளவு சரிதான் என்றேன்.

சில வருஷம் கழித்து, கார்டில் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். அதற்காகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு மாலை விழுந்தது. செத்துப்போன அந்தக் குழந்தைக்கு எதுவும் இல்லை. அவனும் அதற்குமேல் என்னோடு பேசவில்லை.

இப்போது சங்கம் விழா மலர் போடுகிறதாம். பட்டறைக்காரர் என்று என்னிடம் வாழ்த்துரை கேட்கிறார்கள். வாழ்த்துரை வேண்டாம். கார்டு இல்லாத பிள்ளைகளுக்கு மருந்து போய்ச் சேர வழி செய்தவன் நான் என்று போடுங்கள். டாக்டர் கேட்டபோது தலையசைத்தவனும் நானே என்று அதன் கீழேயே போடுங்கள். இரண்டும் என் பெயரில் வர வேண்டும். ஒன்றை மட்டும் போடுவதாக இருந்தால் இரண்டாவதைப் போடுங்கள்.