கைதான் கேட்பதில்லை

அணியின் கையேட்டில் இவரைப் பற்றி இரண்டே சொற்கள்: ‘முரட்டு முன்வரிசை.’ அந்த முரடு இப்போது கண்ணாடிக் கடை மேஜையில் குனிந்து, எறும்புத் தலையளவுத் திருகாணி ஒன்றை மூக்குக்கண்ணாடியில் முடுக்கிக்கொண்டிருக்கிறது. மூச்சுகூட விடவில்லை. முடித்ததும், காத்திருந்த பெரியவரிடம், “காதுல உறுத்துதா பாருங்கய்யா. உறுத்துனா சொல்லுங்க, கூச்சப்படாதீங்க” என்கிறார்.

நாட்டுக்காக ரக்பி ஆடுகிறவர். மல்யுத்தத்திலும் பதக்கங்கள் உண்டு. அதில் ஒன்று, கடையின் பின்னறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எந்த ஆட்டம் உசத்தி என்று கேட்டால், “ரெண்டுலயும் ஆளைக் கீழ தள்ளணும். அவ்ளோதான்” என்பார்.

அவ்வளவுதான் இல்லை. மல்யுத்தத்தில் விழுந்தவரை, இரண்டு தோளும் தரையில் படியும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ரக்பியில் விழுந்தவரை அந்தக் கணமே விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் தண்டனை. விட்டுவிட்டு எழுந்து நின்றால், பந்தையே பறித்துக்கொள்ளலாம். இவர் விடமாட்டார். அணித்தோழிகள் வைத்த பெயர் ‘பசை’. போன தொடரின் இறுதிப் போட்டிக்கு முன் பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்னா, அணியில உனக்கு இடம் கிடையாது.”

“மனசு விட்டுடுது சார். கைதான் கேக்க மாட்டேங்குது.”

அன்றிலிருந்து தினமும் காலையில் வீட்டுக் கூடத்தில் மெத்தை விரிந்தது. விழுகிறவர் கணவர். அஞ்சல் நிலையத்தில் வேலை. ஒடிசலான உடம்பு, நல்ல ஆரோக்கியமான நாக்கு. “அவனவன் பொண்டாட்டி புருஷன விடாம புடிச்சு வெச்சுக்கப் பாக்குறா. எனக்கு வாய்ச்சவ விடுறதுக்குப் பயிற்சி எடுக்குறா” என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கச் சொல்வார். சாய்த்த மறுகணம், “விடும்மா.”

“விட்டுட்டேன்ல?”

“என்னை விட்டுட்டே. பனியன் இன்னும் உன் கையிலதான் இருக்கு.”

இறுதிப் போட்டியில் கடைசி நிமிடம்வரை இவர் அணிதான் முன்னிலை. அப்போது எதிரணியின் ஓட்டக்காரி ஒருத்தி பந்தோடு பாய்ந்து வந்தாள். கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டால் கோப்பை அவர்களுக்கு. இவர் குறுக்கே விழுந்து அவள் இடுப்பைப் பிடித்துச் சாய்த்தார், கோட்டுக்கு ஒரு முழம் முன்னால். நடுவரின் விசில் உதட்டுக்குப் போய்விட்டது. பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

இவர் கையை விட்டார். எழுந்து நின்றார். பிறகு குனிந்து, பந்தை எடுத்துக்கொண்டார்.