ஏழாவது பாடம்

பிள்ளைகளே, உண்மையை எழுதிவிடுகிறேன். சின்னவனுக்கு அக்கா படித்துக் காட்டட்டும்.

உங்கள் பள்ளியில் தமிழ் கிடையாது. அதனால் அம்மா வேலைக்குப் போகும் முன் கம்ப்யூட்டரில் பேசிப் பேசிப் பாடங்களைப் பதிந்து வைத்தாள். பெரியவள் அதைக் கேட்டே எழுத்துக்கூட்டக் கற்றாள். அம்மா இறந்த பிறகு சின்னவன் தொடங்கினான். ஆறு பாடம் முடித்திருந்தான்.

ஆயுத பூஜைக்கு வீட்டில் பொட்டு வைப்பது அம்மாதான். மானிட்டர் ஓரத்தில் கடுகளவு வைப்பாள். இந்த வருடம் நான் வைத்தேன். கம்பெனியில் மிஷின் பட்டன் மேலேயே சந்தனத்தை அப்பிப் பழகிய கை. இங்கேயும் அப்படியே அப்பினேன். மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் நிலையாக ஓடவில்லை. படம் வரும், அணையும், மறுபடி தொடங்கும்.

ஈஜிபுரா ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன்.

"விண்டோஸ் போயிருக்கும்ணா. ஃபார்மேட் அடிச்சா சி டிரைவ்ல இருக்கறது எல்லாம் போயிடும். டி-ல இருந்தா பயமில்ல. முக்கியமானது எதனா இருக்குதா?"

"என் வீட்டுக்காரம்மா பேசினது இருக்குதுப்பா."

"எதுல?"

எனக்குத் தெரியாது. பெரியவளுக்குத் தெரியும், பள்ளியில் இருந்தாள். சாயங்காலம் கேட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கடையில் நாலு பேர் நின்றார்கள், வெட்கமாக இருந்தது. "டி-லதான்" என்றேன்.

டிஸ்கைக் கழற்றி வேறு மிஷினில் போட்டு அழித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். திரும்ப மாட்டினால் அதே கதை. அப்புறம்தான் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, பட்டனுக்கே அபிஷேகம் பண்ணிட்டீங்களா? ரீஸ்டார்ட் பட்டன் உள்ள ஒட்டிக்கினு இருக்குது. இவ்ளோதான் கம்ப்ளைன்ட்." ஈரத்துணியால் துடைத்தார். கம்ப்யூட்டர் அணையாமல் வேலை செய்தது. டி காலியாக இருந்தது; பாடங்கள் சி-யில் இருந்திருக்கின்றன.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பை நிறுத்தினார். அழிந்ததை மீட்க ஏதோ போட்டுத் தேடினார். அம்மா வைத்த பெயர்கள் வரிசையாக வந்தன. அழுத்தினால் சத்தம் இல்லை. "மேல விண்டோஸ் ஏறிடுச்சுண்ணா. முன்னமே தெரிஞ்சிருந்தா..." என்று முடிக்காமல் விட்டார்.

கம்ப்யூட்டர் ரிப்பேரில் இருக்கிறது என்று உங்களிடம் சொன்னது பொய். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது.

சின்னவனே, ஏழாவது பாடத்தில் அம்மா என்ன சொல்வாள் என்று தினமும் கேட்கிறாய். அக்காவுக்கு நினைவிருக்கும் வரை அவளைக் கேள். என்னிடம் கேட்காதே, கண்ணா. அம்மா பேசிப் பதிந்த காலைகளில் நான் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பாடம்கூடக் கேட்டதில்லை.