அலமாரி அடித்த கதை

வீட்டுச் சொந்தக்காரரே, நீங்கள் பார்க்காமலே எங்கள் மேல் பழி போட்டீர்கள்.

என் கணவருக்கு ஜூரோங்கில் இரவு வேலை. பகலில்தான் தூக்கம். தோ பாயோவில் நீங்கள் வாடகைக்கு விட்ட வீட்டில் ஒரே அறை. அதில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதனால் அவர் தூங்கும் கூடத்தில் வெளிச்சத்தை மறைக்க ஓர் உயரமான அலமாரி செய்யச் சொன்னேன். தேக்கா சந்தைக் கடையில் என்னோடு வேலை பார்ப்பவரின் தம்பி தச்சர். அடியில் சக்கரம் வைத்துக் கொடுத்தார்.

இதை உங்களிடம் ஒளிக்கவில்லை. போனில் நானே சொன்னேன்: "அண்ணே, ஹால்ல ஒரு அலமாரி அடிச்சிருக்கேன்."

அன்று சாயங்காலமே நம் அடுக்குமாடி பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினீர்கள், பெர்மிட் இல்லாமல் ஆணி அடித்துத் தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டோம் என்று. அனுமதியில்லாமல் சுவர் வைத்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். என் பெரியவளுக்குத் தேர்வு நேரம். புது வீட்டுக்கு எங்கே போவோம்?

உங்கள் புகாரின் பேரில் ஆய்வுக்கு வந்த வீட்டு வாரிய அதிகாரி நம்ம தமிழ்ப் பிள்ளைதான். பின்னால் நீங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"அக்கா, இது நகருமா?" என்றார் அதிகாரி.

"நகரும் லா. மெதுவா தள்ளுங்க."

தள்ளினார். அலமாரி உருண்டது. பின்னால் பாயில் படுத்திருந்த என் கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்ன, வீடு மாத்துறோமா?" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். சுவரைத் தடவிப் பார்த்தார். ஆணி ஓட்டை ஒன்றுமில்லை.

"சார், இது ஃபர்னிச்சர். இதுக்குப் பெர்மிட் வேணாம்."

"அடிச்சேன்னு இவங்கதானே சொன்னாங்க!" என்றீர்கள்.

"அலமாரி அடிக்கிறதுன்னா செய்றது அண்ணே. தோசை சுடுறேன்னு சொன்னா போலீஸைக் கூப்பிடுவீங்களா?" என்றேன்.

நான் போட்ட டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனீர்கள்.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அலமாரி நிற்கிறது. அதன் பின்னால் இப்போதும் குறட்டைச் சத்தம். மகள் அறையில் படிக்கிறாள். ஆனால் நீங்கள் எழுதியது அந்தக் குழுவில் இன்னும் அப்படியே கிடக்கிறது. லிஃப்டில் பார்க்கிறவர்கள், "சுவரை இடிச்சாச்சா?" என்று கேட்கிறார்கள்.

எனக்குத் தனியாக மெசேஜ் வேண்டாம். அதே குழுவில், எல்லாரும் படிக்கும்படி சொல்லுங்கள்: நான் அடித்த அந்த ஆணி எங்கே?