முதல் ஆறுமணிக் குருவி

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன் நான். கண்டியில் ஒரு புடைவைக் கடையில் துணி அளந்து கொடுத்தே பாதி வயது போய்விட்டது. பறவைகளைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யுத்தம் நடந்த காலம். ஞாயிறு மாலைகளில் நானும், பேராதனையில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்து நண்பரும் குருவி பார்த்தபடி வாவியைச் சுற்றி நடப்போம். கரையில் இராணுவக் காவலரண் இருந்ததால் எதையும் கை நீட்டிக் காட்டமாட்டோம். இரண்டு தமிழர் எதையோ சுட்டிக் காட்டினார்கள் என்று ஆகிவிடக் கூடாது. நாடியை, அதாவது முகவாயை, உயர்த்தினால் மர உச்சி, தாழ்த்தினால் தண்ணீர் ஓரம். அந்தப் பாஷை எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும் என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

ஐப்பசியில் வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவி வந்து சேரும். அந்தியில் இரண்டு சீழ்க்கை அடிக்கும். அந்தந்த வருடம் அதை முதலில் கேட்டுச் சொன்னவருக்கு மற்றவர் மறுநாள் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பது வழக்கம்.

"ஊரடங்கு நேரமே நாளுக்கு நாள் மாறுது. இது மட்டும் ஆறு மணியை விடாது, பாருங்கோ," என்பார் நண்பர்.

ஓர் ஐப்பசியில் அவர் வத்தேகமையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார். கழுத்தில் பைனாகுலர். அன்றிலிருந்து நண்பர் அவர் பக்கமே நடந்தார். நடைபாதையில் மூவர் சேர்ந்து நடக்க இடமில்லை. பின்னால் போனவன் நான்.

ஒரு மாலை அந்த மனிதர் கையை நீட்டியே ஒரு நாரையைக் காட்டினார். காவலரணிலிருந்து சிப்பாய் கூப்பிட்டான். நான் பயந்து இரண்டடி பின்வாங்கினேன். இனி நண்பர் இவரைக் கூட்டிவர மாட்டார் என்று கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. ஆனால் வத்தேகமைக்காரர் சிங்களத்தில் சிரித்துப் பேசி, பைனாகுலரைச் சிப்பாயின் கண்ணிலேயே வைத்துவிட்டார். நீர்க்காகம் முங்கி எழுவதைப் பார்த்துச் சிப்பாய் வாய்விட்டுச் சிரித்தான். அத்தனை ஞாயிறும் என் கைக்கு வராத பைனாகுலர் அவனுக்குக் கிடைத்தது.

அதன் பிறகுதான் என் நினைவு வந்தது போலும். "இந்தாங்கண்ணே, நீங்களும் பாருங்க," என்றார் வத்தேகமைக்காரர்.

"வேணாங்க. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"ஆளுக்குக் கோவம் போல," என்று சிரித்துவிட்டு நண்பர் பைனாகுலரை வாங்கிக்கொண்டார்.

அப்போது வாவிக்கு மேலே இருந்த காட்டுப் பக்கமிருந்து அந்த இரண்டு சீழ்க்கை. நான் நாடியை உயர்த்தினேன். நண்பர் ஒரு தரம் திரும்பினால் போதும். வாயால் சொல்ல மனம் வரவில்லை. அவர் திரும்பவில்லை. குருவி மறுபடி கத்தியது.

"ஆறுமணிக் குருவிங்க!" என்று வத்தேகமைக்காரர் துள்ளினார்.

"ஓம், ஓம்! இந்த முறை முதல் ஆள் நீர்தான்!" நண்பர் அவர் தோளில் தட்டினார்.

மறுநாள் இருவரும் நான் வேலை செய்த கடைக்கு வந்தார்கள். பிளேன்டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.