பெண் வீட்டாருக்கு நான் போட்ட முன்வரிசை நாற்காலி

இன்று மாலை பல்லடம் கல்யாண மண்டபத்தில் ஒரு நல்ல சம்பந்தம் முறிந்தே போனது என்று நினைத்தேன். காரணம் நான்தான்!

புதிதாக வந்தவர்களுக்கு: நான் ஒரு குட்டி ரெஸ்லிங் கம்பெனி நடத்துகிறேன். டிவியில் வருமே, கயிறு கட்டிய ரிங், மேலே ஏறிக் குதிப்பது, நாற்காலியைத் தூக்கி வீசுவது. அதே வகைதான். (நாற்காலி மட்டும் மண்டபத்துக்காரருடையது. அதனால் வீச மாட்டோம்.)

எங்கள் ஷோவின் உயிரே வில்லன் தங்கராசுதான். வாரம் ஆறு நாள் கோழிப்பண்ணை சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை 'டேஞ்சர்' தங்கராசு. அவன் உள்ளே நுழைந்தாலே ஜனம் தொண்டை கிழியக் கத்தும்.

இந்த வேஷத்தாலேயே இரண்டு பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போன வாரம் என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணா, காரமடையில ஒரு இடம் அமைஞ்சிருக்குதுங்ணா. பேரு நித்யா, சரவணம்பட்டில பிசியோதெரபிஸ்டு. போன்ல பேசினேன், எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்ணா. இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி ரிங்குப் பக்கமே வரமாட்டேனுங்ணா."

அவன் இல்லையென்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான்!

இரண்டு நாள் கழித்து நித்யாவின் அப்பா எனக்கு போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, பையன் என்ன பண்றாருன்னு நேர்ல ஒருக்கா பாத்துட்டு முடிவு சொல்றமுங்க. நாங்க வாரது அவருக்குத் தெரிய வேண்டாமுங்க."

சரி என்றேன். மரியாதையாக முன்வரிசையில், நட்ட நடு நாற்காலியைக் கொடுத்தேன்.

அங்கேதான் பிசகியது.

எங்கள் ஷோவில் ஒரு வழக்கம் உண்டு. மேட்ச் நடுவில் வில்லன் கீழே இறங்கி முன்வரிசையில் ஒருவரை வம்புக்கு இழுப்பான். அந்த நட்ட நடு நாற்காலியில் எப்போதும் என் மச்சான் உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. எல்லாம் பேசி வைத்ததுதான்.

இன்று மகளோடு வந்த பெரியவரும் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு! மச்சானைப் பின்னால் போய் உட்காரச் சொன்ன நான், அதைத் தங்கராசுவிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினால் தங்கராசுவுக்கு நான்கடி தள்ளி நிற்பது ஆளா தூணா என்றே தெரியாது.

இறங்கினான். துண்டை உருவினான். அக்குளைத் துடைத்தான்!

"ஏய் பெருசு! உன்ற துண்டுக்கு இன்னிக்குத்தான்டா ஒரு சோலி கெடச்சிருக்குது!"

மண்டபமே ஊளையிட்டது. பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

மணியடிக்கும் சுத்தியல் என் கையில். ஓங்கி ஒரு தட்டு தட்டினால் மேட்ச் முடிந்துவிடும். தட்டத்தான் போனேன். அதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்த நித்யா, அப்பாவின் கையைப் பிடித்துக் காதில் ஏதோ சொன்னார். அவர் உட்கார்ந்தார். அதன்பின் ரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

மேட்ச் முடிந்தது. வழக்கம்போல வில்லன் தோற்றான்.

வீரர்கள் உடை மாற்றுவது மணமகள் அறையில். (சிரிக்காதீர்கள், அங்கேதான் பெரிய கண்ணாடி இருக்கிறது.) விஷயத்தைச் சொன்னதும் தங்கராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா... அப்ப அது மச்சான் இல்லீங்களா?"

கதவு தட்டும் சத்தம். அப்பாவும் மகளும்!

"மன்னிச்சுப்போடுங்கய்யா..." தங்கராசு உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டான்.

நித்யாதான் பேசினார்.

"நான் தெனமும் கழுத்து புடிச்சுக்கிட்டவங்களத்தான் பாக்கறனுங்க. நீங்க அந்தப் பையனத் தூக்கிப் போட்டப்பெல்லாம் அடிபடாம இருக்க உங்க கை அவரு கழுத்துக்கு அடியிலயேதான் இருந்துச்சு. உங்க முட்டிதான் மொதல்ல தரையில பட்டுச்சு. அப்பாகிட்ட அதத்தான் காட்டினேன்."

பிறகு குனிந்து, "முட்டி வீங்கியிருக்குது பாருங்க, கால நீட்டுங்க" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கை யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது என்றுதான் நாங்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறோம். முதல் தடவையாக ஒருவர் அதைப் பார்த்ததும் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

பெரியவர் என் தோளில் கை போட்டு வெளியே அழைத்துப் போனார்.

"தம்பி, கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆனா சொந்தபந்தம் நாலு பேரு வந்து பாப்பாங்க பாருங்க... அடுத்த வாட்டி நம்ம மாப்பிள்ளைய ஜெயிக்க வெச்சுப்போட முடியுங்களா?"

மாப்பிள்ளை! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்வது நான்தான் என்பதை வெளியாரிடம் சொல்லக் கூடாது. அது எங்கள் தொழில் தர்மம். (நீங்களும் இதைப் படிக்கவில்லை!) முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அதெல்லாம் அவங்கவங்க பலத்தப் பொறுத்ததுங்கய்யா. நம்ம கையில ஒண்ணுமில்லீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"செரிங்க தம்பி. முகூர்த்த நாள நான் குறிச்சுச் சொல்றேன். அவரு ஜெயிக்கற நாள நீங்க குறிச்சுச் சொல்லுங்க!"