எல்லாரும் சொல்வதை முதலில் சொன்னவர்

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் சலவை ஆலையில் அவர் மடிப்புப் பிரிவில் இருந்தார். சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளியே வரும் விரிப்பைப் பிடித்து, மூலைக்கு மூலை சேர்த்து, கண்மூடித் திறப்பதற்குள் செங்கல் மாதிரி ஆக்கிவிடுவார். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. பேருந்துச் சீட்டு, கைக்குட்டை, மகள் வரைந்த படம் என்று எது அகப்பட்டாலும் நான்காக மடிப்பார். அதனால் ஆலையில் அவர் பெயரே மடிப்பு.

மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை. மதியம் போனால் இரவுதான் வருவாள். மகள் ஒன்றாம் வகுப்பு. மடிப்பு விடிகாலையில் வேலைக்குப் போய், மதியம் வெளியே வந்து, மகளைப் பள்ளி வாசலில் அழைத்துக்கொள்வார். வேறு ஆள் கிடையாது. குடும்பம் இந்த ஒரு ஏற்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கம்பெனி அறிவிப்பு ஒட்டியது. இனி ஆலை மூன்று ஷிப்டாக ஓடும். யாருக்கு எந்த ஷிப்ட் வேண்டுமோ, சனிக்கிழமைக்குள் மேற்பார்வையாளரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முந்தி வருகிறவருக்குக் கேட்டது கிடைக்கும். வராதவருக்கு மிச்சம் கிடைக்கும்.

ஊழியர்களுக்கு இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. இயந்திரம் பழுதானால் தகவல் சொல்வதற்காக மடிப்பே தொடங்கியது. புனைபெயரிலும் எழுதலாம். அன்று மாலையே அது கொதித்தது.

"போய்ச் சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஒருத்தரும் மேற்பார்வையாளர் ரூம் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்று தீக்குச்சி என்ற பெயரில் ஒருவர் எழுதினார். எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள்.

செவிலியர் சீருடைகளுக்குப் பெட்டி போடும் இஸ்திரி அக்கா மட்டும், "கொதிக்கிறது சரி. கம்பெனி மாத்தலைன்னா என்ன பண்றதுன்னு யாராவது யோசிச்சீங்களா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதா என்று மடிப்பு யோசிக்கத்தான் ஆரம்பித்தார். அதற்குள் ஐந்தாறு பேர், "இவங்க கம்பெனி ஆளு" என்று எழுதிவிட்டார்கள். இத்தனை பேர் சொன்னால் தப்பாக இருக்காது. மடிப்பு இப்படி எழுதி அவரை நீக்கினார்: "குழப்பம் பரப்பியதால் நீக்கப்படுகிறார். ஒற்றுமைக்கு நன்றி."

அக்காவை ஏன் நீக்கினீர்கள் என்று கேட்ட இரண்டு பேரையும் நீக்க வேண்டியதாயிற்று. வேலை கூடியதால் தீக்குச்சிக்கும் நீக்கும் அதிகாரம் கொடுத்தார். அதன்பிறகு மன்றத்தில் கருத்து வேறுபாடே இல்லை. வேறுபட்டவர்கள் வெளியே இருந்தார்கள்.

ஒரு நாள் பள்ளி வாசலில் நின்றபடி மடிப்பு எழுதினார்: "மேற்பார்வையாளர் முகம் வாடிக் கிடக்குது. மேலிடம் பின்வாங்குதோ என்னமோ." மறுநாள் காலையில் ஒருவர், "மேலிடம் பின்வாங்குதாம்" என்று எழுதினார். மாலையில் தீக்குச்சி, "நம்பகமான தகவல். மேலிடம் பின்வாங்கிடுச்சு" என்று அறிவித்தார். மடிப்புக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனைவி வந்ததும் காட்டினார்.

அவள் விரலால் தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தாள். "இதை முதல்ல சொன்னது நீங்கதானே?"

"நான் சந்தேகமாத்தான் சொன்னேன். இவங்க உறுதியாச் சொல்றாங்களே."

"உங்க மேற்பார்வையாளர் முந்தாநாள் எங்ககிட்டதான் வந்தாருங்க. கடவாய்ப்பல்லு. முகம் வாடாம என்ன செய்யும்?"

"அது அவர் வெளிய சொல்ற காரணம்."

மனைவி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. இல்லைன்னா பாப்பாவை யாரு கூட்டிட்டு வர்றது?"

"ஒருத்தருமே போகாதப்ப நான் மட்டும் போனா, மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

சனிக்கிழமை போயிற்று. திங்கட்கிழமை பலகையில் மடிப்பின் பெயர் மதிய ஷிப்டில் இருந்தது. பள்ளி விடும் நேரத்தில் அவர் உருளை முன்னால் நின்றாக வேண்டும். நேரே மேற்பார்வையாளர் அறைக்கு ஓடினார்.

"அண்ணே, எனக்குக் காலை ஷிப்ட் வேணுமே!"

மேற்பார்வையாளர் கன்னத்தில் கைவைத்திருந்தார். "அது அறிவிப்பு ஒட்டின அன்னைக்கே நிரம்பிடுச்சேப்பா. ஒவ்வொருத்தரா வந்து, கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லிட்டுப் போனாங்க. வராத ஆளு நீ ஒருத்தன்தான். கொள்கைக்காரன்னு நினைச்சேன்."

"தீக்குச்சி கூடவா வந்தாரு?"

"பாய்லர்ல இருந்தப்பவே தீக்குச்சின்னு பேரு, அவனா? அவன் வேலையை விட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. டயர் கடை வச்சிருக்கான். உனக்குத் தெரியாதா?"

மடிப்பு வெளியே வந்து மன்றத்தைத் திறந்தார். "ஒருத்தரும் போகல. ஜெயிச்சுட்டோம்" என்று அங்கே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதினார்: "எல்லாரும் போயிருக்கீங்க. நான்தான் போகல. எம்பொண்ணைக் கூட்டிட்டு வர ஆளில்ல. காலை ஷிப்ட் கிடைச்சவங்க யாராவது மாத்திக்க முடியுமா?"

தீக்குச்சியின் பதில் உடனே வந்தது. "குழப்பம் பரப்பியதால் நீக்கப்படுகிறார். ஒற்றுமைக்கு நன்றி."

வாசகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரே எழுதியதுதான்.

இஸ்திரி அக்கா நீராவிக்கு நடுவே நின்றிருந்தார். மடிப்பைக் கண்டதும், "என்ன தம்பி, உன்னையும் தூக்கிட்டாங்களா?" என்றார்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. அன்னைக்கு உங்களை..."

"மன்னிப்பை மடிச்சு அந்த ஓரமா வை. வந்த காரியத்தைச் சொல்லு."

சொன்னார். அக்கா ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் தேய்த்து முடித்தார்.

"பள்ளிக்கூடம் லீவு விடற வரைக்கும் என் காலை ஷிப்டை எடுத்துக்க. அப்புறம் உன் பாடு. ஆனா இப்பவே ரெண்டு பேரும் நேர்ல போய்ச் சொல்லணும். போன்ல எழுதற வேலையே வேணாம்."

போனார்கள். மேற்பார்வையாளர் வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

இரவு சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "உங்க மேலிடத்துக்கு நாளைக்குப் பல்லைப் பிடுங்கறாங்க."

மடிப்பின் கை போனை எடுத்தது. பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார். அந்தச் செய்தியை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.