ராயக்கோட்டையிலிருந்து ஐஸ் ஹாக்கிக்கு, சரியான ஸ்கேட் தேடி

போன மாதம் பெங்களூரில் ஐஸ் ஹாக்கிப் பயிற்சியின்போது என் மகள் யாழினி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். வாடகைக்கு எடுத்த ஸ்கேட் லொடலொடவென்று இருந்திருக்கிறது. வீக்கம் வடிந்த பிறகும், "நான் வரல, விட்டுடும்மா" என்றே சொன்னாள். ஓசூர் ரோட்டில் சக்கர ஸ்கேட்டில் பறந்தவள் அவள். இந்தப் பயம் அப்படியே ஒட்டிக்கொள்ளுமோ என்று எனக்குக் கவலை. அவளுடைய பயிற்சியாளர் டோல்மா லடாக்காரர், தேசிய மகளிர் அணியில் ஆடியவர். ஊருக்குக் கிளம்புவதற்கு முன் தானே ஸ்கேட்டைப் பொருத்திப் பார்ப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை பதினோரு மணி வரைதான் அவர் இருப்பார்.

காலை ஆறு மணிக்கு வாடகைக் காரில் புறப்பட்டோம். பெங்களூர் போய்வர நாலாயிரம் ரூபாய். ஓசூருக்கு முன்னால் சானமாவில் வனக்காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆனைங்க ரோட்டோரம் நிக்குது. ஹாரன் அடிக்காதீங்க, யாரும் எறங்காதீங்க."

"எவ்ளோ நேரம் ஆவும்ண்ணா?" என்று எங்கள் டிரைவர் முனிராஜ் கேட்டார்.

"அதுங்க போனாத்தான். நம்ம கையில என்னா இருக்குது?"

நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பெருசு தாண்டிட்டா மத்ததுங்க நிக்காதும்மா" என்று முனிராஜ் சமாதானம் சொன்னார். சொன்னபடியே முதலில் பெரியது, பின்னால் குட்டியோடு மற்றவை என்று தாண்டிப் போய்விட்டன. முக்கால் மணி நேரம் போயிருந்தது. மாநில எல்லையான ஜூஜுவாடியில் லாரிகளும் கம்பெனி பஸ்களும் மீதி நேரத்தையும் தின்றன. அத்திப்பள்ளியைக் கடந்ததும் முனிராஜ் கன்னடத்துக்கு மாறி, எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சந்து சந்தாக வழி கேட்டார்.

பத்தரைக்கு ஐஸ் அரங்குக்குள் ஓடினோம். டோல்மா பையைக் கட்டி வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

யாழினியை உட்கார வைத்து, தடித்த காலுறையைக் கழற்றச் சொன்னார். மெல்லியதை மாட்டி, பள்ளி ஷூவைவிட ஓர் அளவு சிறிய ஸ்கேட்டைப் போட்டார். குதிகாலைத் தரையில் தட்டி, பின்னுக்குத் தள்ளி, கணுக்காலில் கயிற்றை இழுத்துக் கட்டினார். "எழுந்து முழங்காலை மடக்கு. குதிகால் தூக்குகிறதா?" என்று இந்தியில் கேட்டார். யாழினி இல்லை என்று தலையாட்டினாள். "பயமாக இருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டே போ. நானும் ஒரு வருடம் அப்படித்தான் போனேன்."

சுவரைப் பிடித்தபடி ஐஸில் ஒரு சுற்று போனாள். பிறகு கையை விட்டாள். நடுவில் பொத்தென்று விழுந்தாள். நான் எழுந்தே விட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. முழங்காலை ஊன்றி எழுந்து, மட்டையால் 'பக்' என்கிற ரப்பர் வட்டைத் தட்டிக்கொண்டு போனாள். என் கண் கலங்கிவிட்டது.

குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு: வளர்வார்கள் என்று பெரிய ஸ்கேட் எடுக்காதீர்கள். தலையை ஆட்டினால் ஹெல்மெட் நகரக் கூடாது. முழங்கால் காப்பு ஸ்கேட்டின் மேல்விளிம்பு வரை வர வேண்டும். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். சானமாவு வழியாக வருகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது பின் சீட்டில் யாழினி தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அடுத்த வாரம் அஞ்சு மணிக்கே கெளம்பிடலாமாம்மா?"